ஓர் ஆறு, இரண்டு பெயர்கள்: ரஷ்ய, சீன அரசியல் குறித்துச் சில சிந்தனைகள்

ரஷ்யாவையும் சீனாவையும் ஒரே மூச்சில் உச்சரிக்க நாம் பழகிவிட்டோம். இரண்டும் பெருநிலப் பேரரசுகளின் வாரிசுகள். இரண்டும் புரட்சியின் வழியே இருபதாம் நூற்றாண்டுக்குள் நுழைந்தவை. இரண்டும் இன்று தனிமனிதரின் நீண்ட ஆட்சியின்கீழ் இருப்பவை. ஆகவே செய்தித்தாள்கள் இவ்விரண்டையும் ஒரே அணியாகக் கட்டிவிடுகின்றன. எனினும், இவ்விரு நாடுகளும் ஒன்றையொன்று அணுகுண்டால் அழித்துக்கொள்ளுமோ என உலகம் அஞ்சிய காலமும் இருந்தது. பகைக்கும் நட்புக்கும் காரணங்கள் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன என்பதே இக்கட்டுரையில் நாம் சொல்ல முயல்வது. அந்த இடத்தை வரைபடத்திலும் சுட்டலாம். ரஷ்யர்கள் அதை ஆமூர் என்கிறார்கள். சீனர்கள் ஹெய்லோங்ஜியாங், அதாவது கரிய டிராகனின் ஆறு என்கிறார்கள்.

லத்தீனில் எழுதப்பட்ட எல்லை

பதினேழாம் நூற்றாண்டில் மென்மயிர்த் தோல் தேடிக் கிழக்கே வந்த கோசாக்குகள் ஆமூர்க் கரையில் அல்பாசின் என்ற கோட்டையை அமைத்தனர். சீனாவை ஆண்ட மஞ்சு வம்சத்துக் காங்சி பேரரசர் அதைத் தாக்கி அழித்தார். பின்னர் 1689இல் நெர்ச்சின்ஸ்க் என்ற ஊரில் இரு தரப்பும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. ஓர் ஐரோப்பிய அரசோடு சீனா செய்துகொண்ட முதல் உடன்படிக்கை அதுவே. பேச்சுவார்த்தையில் மொழிபெயர்ப்பாளர்களாக இருந்தவர்கள் பெரைரா, ஜெர்பியோன் என்ற இரண்டு ஏசுசபைப் பாதிரியார்கள். ஆகவே ரஷ்யாவும் சீனாவும் தமக்குள் வகுத்துக்கொண்ட எல்லை லத்தீன் மொழியில் எழுதப்பட்டது. ஆமூர்ப் படுகை சீனாவிடமே இருந்தது. ரஷ்யாவுக்கு வணிகம் கிடைத்தது. இரு தரப்பும் சமநிலையில் அமர்ந்து பேசிய உடன்படிக்கை அது.

அடுத்த நூற்றைம்பது ஆண்டுகளில் தராசு சாய்ந்தது. அபினிப் போர்களாலும் தைப்பிங் கிளர்ச்சியாலும் சீனா நலிந்திருந்த வேளையில், 1858இல் ஐகுன் உடன்படிக்கையின் மூலம் ஆமூரின் வட கரையும், 1860இல் பெக்கிங் உடன்படிக்கையின் மூலம் உஸ்ஸூரி ஆற்றின் கிழக்கே கடல்வரையிலான நிலமும் ரஷ்யாவுக்குச் சென்றன. மொத்தம் ஏறத்தாழ 10 லட்சம் சதுர கிலோமீட்டர். இதற்காகப் பெரும்போர் எதையும் ரஷ்யா நடத்தவில்லை. பிரிட்டனும் பிரான்சும் சுட்ட குண்டுகளின் ஓசையிலேயே அதன் காரியம் முடிந்தது. அதே 1860இல் அந்நிலத்தில் எழுந்த துறைமுகத்துக்கு விளாதிவஸ்தோக் எனப் பெயரிட்டனர். 'கிழக்கை ஆள்க' என்பது அதன் பொருள். சீனர்களுக்கு அவ்விடம் ஹைஷென்வாய்.

1890இல் சக்காலின் தீவுக்குப் பயணம் சென்ற செக்காவ் இந்த ஆற்றின் வழியே படகில் போனார். இங்கே மனிதர்கள் கைதுக்கு அஞ்சாமல் உரக்கப் பேசுகிறார்கள் என வியந்து வீட்டுக்குக் கடிதம் எழுதினார். தலைநகரிலிருந்து தொலைவில் இருப்பதே ஒரு விடுதலை என அவருக்குத் தோன்றியது போலும். பத்தே ஆண்டுகளில் அதே கரையில் வேறொன்று நடந்தது. 1900இல் பாக்ஸர் கிளர்ச்சியின்போது, பிளகவேஷ்சென்ஸ்க் நகரில் வாழ்ந்த சீனர்களை ரஷ்ய அதிகாரிகள் ஆற்றங்கரைக்கு விரட்டி, படகுகள் இன்றி நீந்திக் கடக்கும்படி விட்டனர். ஆயிரக்கணக்கானோர் மூழ்கி இறந்தனர். ரஷ்ய வரலாற்றில் இது ஓர் அடிக்குறிப்பு. எதிர்க்கரையில் அது மறக்கப்படவில்லை.

தோழர்களின் மனக்கசப்பு

1919இல் போல்ஷ்விக் அரசு கரகான் பிரகடனத்தின் மூலம், ஜார் மன்னர்கள் சீனாவிடம் பிடுங்கிய சலுகைகளைக் கைவிடுவதாக அறிவித்தபோது சீன இளைஞர்கள் நெகிழ்ந்துபோயினர். மேலை நாடுகள் எதுவும் அவ்வாறு பேசியதில்லை. அரசியலில் நிகழ்ந்த இந்த ஈர்ப்பு இலக்கியத்தில் முன்பே நிகழ்ந்திருந்தது. நவீனச் சீன இலக்கியத்தின் தொடக்கமாகக் கருதப்படும் லூ சுன்னின் 1918ஆம் ஆண்டுக் கதைக்கு, கோகோலின் 'பித்தனின் நாட்குறிப்பு' என்ற தலைப்பே வைக்கப்பட்டது. தம் வாழ்வின் இறுதி ஆண்டுகளில் அவர் கோகோலின் 'இறந்த ஆன்மாக்கள்' நாவலை, ஜெர்மன், ஜப்பானிய மொழிபெயர்ப்புகளின் வழியே சீனமாக்கினார். நாட்டின் நோயைக் கூச்சமின்றி எழுதலாம் என்பதையே சீன எழுத்தாளர்கள் ரஷ்யர்களிடம் கற்றனர்.

ஆனால் பிரகடனம் வேறு, நிலம் வேறு. 10 லட்சம் சதுர கிலோமீட்டரில் ஒரு பிடி மண்ணும் திரும்பவில்லை. 1949 டிசம்பரில் மாவோ மாஸ்கோ சென்றபோது ஸ்டாலின் அவரை வாரக்கணக்கில் காக்க வைத்தார். 1950 பிப்ரவரி 14 அன்று நட்புறவு உடன்படிக்கை கையெழுத்தானது. கடனும் வல்லுநர்களும் கிடைத்தனர். ஆயினும் தம்பியாக நடத்தப்பட்டதை மாவோ மறக்கவில்லை. 1956இல் குருஷேவ், ஸ்டாலினின் குற்றங்களைப் பேசியபோது, அது தம்மையும் குறிக்கிறது என மாவோ உணர்ந்தார். 1960இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சோவியத் வல்லுநர்கள் ஒரே மாதத்தில் திருப்பி அழைக்கப்பட்டனர். பாதி கட்டிய ஆலைகள் அப்படியே நின்றன. 1964 அக்டோபர் 14இல் குருஷேவ் பதவி இழந்தார். இரண்டே நாட்களில் சீனா தன் முதல் அணுகுண்டை வெடித்தது.

இப்பிளவின் அதிர்வு இந்தியாவிலும் உணரப்பட்டது. 1964இல் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி இரண்டானதற்கு உள்நாட்டுக் காரணங்கள் பல உண்டு எனினும், மாஸ்கோவா பெய்ஜிங்கா என்ற கேள்வியும் அவற்றுள் ஒன்று. மாஸ்கோவில் அச்சாகி நியூ செஞ்சுரி புத்தக நிலையத்தின் வழியே மலிவு விலையில் வந்த தமிழ் மொழிபெயர்ப்புகளால் ஒரு தலைமுறைத் தமிழ் வாசகர்களுக்கு டால்ஸ்டாயும் கார்க்கியும் அண்டை வீட்டாரானார்கள். சீனம் அவ்வாறு நம் வீட்டுக்குள் வரவில்லை. இரு நாடுகளைப் பற்றிய நம் உணர்வுகளில் இன்றும் நீடிக்கும் வேறுபாட்டுக்கு இதுவும் ஒரு காரணம் என்றே கருதுகிறோம்.

1969 மார்ச் 2 அன்று உஸ்ஸூரி ஆற்றின் நடுவே, ஒரு சதுர கிலோமீட்டருக்கும் குறைவான பரப்புடைய ஒரு தீவில் துப்பாக்கிகள் வெடித்தன. ரஷ்யர்களுக்கு அது தமான்ஸ்கி, சீனர்களுக்கு ஜென்பாவோ. ஆண்டின் பல மாதங்கள் பனி மூடிக் கிடக்கும், குடிகள் இல்லாத அத்தீவுக்காக அன்று மட்டும் 31 சோவியத் வீரர்கள் மாண்டனர். மார்ச் 15இல் மீண்டும் மோதல். பெய்ஜிங் மக்கள் நகருக்கடியில் சுரங்கப் புகலிடங்களைத் தோண்டத் தொடங்கினர். செப்டம்பர் 11 அன்று, ஹோ சி மின்னின் இறுதிச் சடங்குக்காக ஹனோய் சென்றிருந்த சோவியத் பிரதமர் கொசிகின், திரும்பும் வழியில் பெய்ஜிங் விமான நிலையத்திலேயே சௌ என்லாயைச் சந்தித்துப் பேசிய பின்னரே போர் அச்சம் தணிந்தது.

பகை பெயர்களையும் விட்டுவைக்கவில்லை. 1972இல் உஸ்ஸூரிப் பகுதியில் சீனச் சாயல் கொண்ட ஊர்ப்பெயர்களை எல்லாம் சோவியத் அரசு மாற்றியது. இமான் என்ற ஊர் தால்னெரெச்சென்ஸ்க் ஆனது; சுச்சான், பர்த்திசான்ஸ்க் ஆனது. அர்சேனியெவ் தம் நூலில் சித்தரித்த, பின்னர் குரோசாவா 1975இல் திரைப்படமாக்கிய 'தெர்சு உஸாலா'வின் காடு இதுதான். அந்நூலின் நாயகனான வேட்டைக்காரர் ரஷ்யரும் அல்லர், சீனரும் அல்லர், நானாய் இனத்தவர். யாருடைய நிலம் என இரு பேரரசுகள் முந்நூறு ஆண்டுகள் வழக்காடியபோது, அங்கே முன்பே வாழ்ந்தவர்களை எவரும் சாட்சிக்கு அழைக்கவில்லை.

இரண்டு சீர்திருத்தங்கள்

தெங் சியாவோபிங் அறிவாளி, கோர்பசேவ் ஏமாளி. முன்னவர் பொருளாதாரத்தைத் திறந்து அரசியலை மூடினார், பின்னவர் அரசியலைத் திறந்து நாட்டை இழந்தார் என்பது இப்போது பரவலாகச் சொல்லப்படும் ஒப்பீடு. இது பாதி உண்மை. மீதிப் பாதியைக் காண இரு நாடுகளும் தொடங்கிய இடத்தைக் கவனிக்க வேண்டும்.

1978இல் சீன மக்களில் ஐந்தில் நால்வர் கிராமத்தவர். அன்ஹுய் மாநிலத்தின் சியாவோகாங் கிராமத்தில் 18 உழவர்கள் கூட்டுப்பண்ணை நிலத்தைக் குடும்பங்களுக்குப் பிரித்துக்கொள்ள இரகசியமாகக் கைச்சாத்திட்டபோது, இழக்க அவர்களிடம் எதுவும் இல்லை. உழுவதற்குக் கை இருந்தது. அரசு குறுக்கே நில்லாமல் இருந்ததே பெரும் சீர்திருத்தமாயிற்று. 1980இல் ஷென்ஜென் முதலிய நான்கு கடற்கரை நகரங்கள் அயல் முதலீட்டுக்குத் திறக்கப்பட்டன. சோவியத் ஒன்றியமோ அதற்குள் ஆலைகளின் நாடாகிவிட்டது. அங்கே உழவரும் சம்பளக்காரரே. நட்டத்தில் ஓடும் ஓர் ஆலையை மூடினால் ஒரு நகரமே வேலை இழக்கும். போதாக்குறைக்கு 1986இல் எண்ணெய் விலை சரிந்தது.

மற்றொன்று, தேசிய இனங்களின் கேள்வி. சீன மக்களில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஹான் இனத்தவர். சோவியத் ஒன்றியத்தில் ரஷ்யர் ஏறத்தாழப் பாதி மட்டுமே. பதினைந்து குடியரசுகளுக்கும் பிரிந்துபோகும் உரிமை அரசமைப்பிலேயே எழுதப்பட்டிருந்தது. வாய்ப்பூட்டு திறக்கப்பட்டதும் அந்த எழுத்துக்கு உயிர் வந்துவிட்டது.

இரு பாதைகளும் ஒரே நாளில் எதிரெதிரே வந்து நின்ற காட்சி ஒன்று உண்டு. 1989 மே 15 அன்று கோர்பசேவ் பெய்ஜிங் சென்றார். முப்பதாண்டுப் பகையை முடிப்பதே நோக்கம். தியானன்மென் சதுக்கம் மாணவர்களால் நிரம்பியிருந்தமையால் வரவேற்பு விழாவை விமான நிலையத்துக்கு மாற்ற வேண்டியதாயிற்று. மாணவர்கள் அவரைத் தம் பக்கத்தவராகவே கருதினர். மூன்று வாரங்களுக்குள், ஜூன் 4 அன்று, பெய்ஜிங் தெருக்களில் இராணுவம் சுட்டது. அதே ஆண்டின் இறுதியில் கிழக்கு ஐரோப்பா விலகிச் சென்றபோது கோர்பசேவ் படையை அனுப்பவில்லை. 1991 டிசம்பர் 25 அன்று அவர் பதவி விலகினார், ஒன்றியம் முடிந்தது.

இதிலிருந்து இரு நாடுகளும் பெற்ற பாடம் ஒன்றே. ஆனால் வெவ்வேறு பள்ளிகளில் கற்றது. 1990களின் ரஷ்யா 1993இல் தன் நாடாளுமன்றத்தைத் தானே பீரங்கியால் சுட்டது. 1998இல் கடனைத் திருப்பித் தர இயலாமல் கைவிரித்தது. சேமிப்பை இழந்த ஒரு தலைமுறைக்கு ஜனநாயகம் என்ற சொல்லே கசந்தது. அக்கசப்பின் மேலேதான் 1999 டிசம்பர் 31 அன்று புதின் அரியணை ஏறினார். ஒன்றியத்தின் வீழ்ச்சியை நூற்றாண்டின் மாபெரும் புவியரசியல் பேரிடர் என அவர் 2005இல் குறிப்பிட்டது நாமறிந்ததே. சீனாவோ வீழாமலே அவ்வீழ்ச்சியைப் பாடமாகப் படித்தது. சோவியத் கட்சி ஏன் சரிந்தது என்பது இன்றும் சீனக் கட்சிப் பள்ளிகளில் கற்பிக்கப்படும் பொருள். கொள்கையில் உறுதி தளர்ந்ததும் இராணுவம் கட்சியின் பிடியிலிருந்து நழுவியதுமே காரணம் என்பது அங்கு சொல்லப்படும் விடை.

ஒத்ததும் ஒவ்வாததும்

உள்நாட்டு அரசியலில் இரண்டும் இன்று ஒரே புள்ளியை நெருங்கியுள்ளன. தெங் காலத்து 1982 அரசமைப்பு, அதிபர் பதவியை இரு தவணைகளுக்கு வரையறுத்தது. 2018இல் ஷி ஜின்பிங் அவ்வரம்பை நீக்கினார். 2020இல் ரஷ்ய அரசமைப்பு திருத்தப்பட்டு, புதின் 2036 வரை நீடிக்க வழி பிறந்தது. அடுத்தவர் யார் என்ற கேள்விக்கு இரு நாடுகளிலும் இன்று விடை இல்லை. இது அவர்களின் வலிமை போலத் தோன்றினாலும் நலிவே என்பது நம் எண்ணம். முதுமையை எந்த அரசமைப்பாலும் திருத்த முடியாது. 1982க்கும் 1985க்கும் இடையே மூன்று சோவியத் தலைவர்கள் பதவியிலேயே இறந்ததை இரு நாட்டாரும் கண்டிருக்கிறார்கள்.

ஆனால் உட்கூடு வேறு. சீனாவில் ஏறத்தாழ 10 கோடி உறுப்பினர் கொண்ட கட்சி, சிற்றூர் முதல் தலைநகர் வரை வேரோடியிருக்கிறது. இராணுவம் நாட்டினுடையது அன்று, கட்சியினுடையது. ரஷ்யாவில் தேர்தல்கள் நடக்கின்றன, கட்சிகளும் உள்ளன; ஆயினும் அவை அதிபரைச் சுற்றிய வேலிகளே. உண்மையான தூண்கள் பாதுகாப்புத் துறையும் எண்ணெய்ப் பணமும். 2023 ஜூனில் பிரிகோஜின் என்ற தனியார் படைத் தலைவர் மாஸ்கோவை நோக்கிப் படை நடத்திச் செல்ல முடிந்ததே, அத்தகைய ஒன்றைச் சீனாவில் நினைத்தும் பார்க்க இயலாது.

கடந்த காலத்தைக் கையாள்வதிலும் இருவரும் இப்போது கூட்டாளிகள். ஸ்டாலின் காலத்துப் பலிகளின் பெயர்களைத் திரட்டி வந்த 'மெமோரியல்' அமைப்பைக் கலைக்கும்படி 2021 டிசம்பரில் ரஷ்ய உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. மறு ஆண்டு அவ்வமைப்பு அமைதிக்கான நோபல் பரிசில் பங்கு பெற்றது. சீனாவில் புரட்சி நாயகர்களை இழித்துரைப்பது 2021 முதல் சிறைத்தண்டனைக்குரிய குற்றம். கோகோலிடமிருந்து லூ சுன் கற்றுக்கொண்ட பாடத்தை இரு நாடுகளும் ஒருங்கே மறக்க முயல்கின்றன.

வெளியுறவில் வேறுபாடு இன்னும் கூர்மையானது. சீனா இன்றைய உலக வணிக ஒழுங்கால் வளர்ந்த நாடு. 2001இல் உலக வணிக அமைப்பில் சேர்ந்தபின் அதன் வளர்ச்சி உலகறிந்தது. அது இவ்வொழுங்கின் தலைமையை விரும்புகிறது, அழிவை அன்று. ரஷ்யாவுக்கு அவ்வொழுங்கில் கிடைத்தது எண்ணெய் விற்பவரின் இடம் மட்டுமே. ஆகவே கலைத்துப் போடுவதில் அதற்கு இழப்புக் குறைவு. 2008இல் ஜார்ஜியா, 2014இல் கிரிமியா, 2022 பிப்ரவரி 24 முதல் உக்ரைன் மீதான முழுப்போர் என அது படையால் பேசுகிறது. சீனா கடன், துறைமுகம், இரயில்பாதை ஆகியவற்றால் பேசுகிறது; தைவானைச் சுற்றியும் தென்சீனக் கடலிலும் படையைக் காட்டிப் பேசுகிறது. அக்கடல் குறித்த 2016ஆம் ஆண்டுத் தீர்ப்பாய முடிவை ஏற்க மறுத்தது, ஒழுங்கின்மேல் அதற்குள்ள பற்றின் எல்லையையும் காட்டிவிட்டது.

2022 பிப்ரவரி 4 அன்று இரு நாடுகளும் எல்லைகளற்ற நட்பை அறிவித்தன. இருபது நாட்களில் போர் மூண்டது. எனினும் கிரிமியாவை ரஷ்ய மண்ணாகச் சீனா இன்றுவரை ஏற்கவில்லை, ஐ.நா. வாக்கெடுப்புகள் பலவற்றில் ஒதுங்கியே நின்றது. விலை குறைந்த எண்ணெயை மட்டும் நிறைய வாங்கியது. 2023இல் இருதரப்பு வணிகம் 24,000 கோடி டாலரை எட்டியது. 1991இல் ரஷ்யப் பொருளாதாரம் சீனாவினுடையதைவிடப் பெரிது. இன்று சீனாவினுடையது பல மடங்கு பெரிது. 1950இல் மாவோ தம்பியாக அமர்ந்த நாற்காலியில் இப்போது அமர்ந்திருப்பவர் யார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தியர்களாகிய நமக்கு இது வெறும் வரலாற்று ஆர்வம் அன்று. 1962 அக்டோபரில் கியூபா நெருக்கடியின் நடுவே சீனத் துணை தேவைப்பட்டபோது, மாஸ்கோவின் 'பிராவ்தா' சீனாவின் பக்கம் சாய்ந்து எழுதியது. சீனாவோடு பகை முற்றிய பின்னர், 1971 ஆகஸ்ட் 9 அன்று அதே மாஸ்கோ நம்மோடு நட்புறவு உடன்படிக்கை செய்துகொண்டது. இந்தியாவுக்குக் கிடைத்த ரஷ்ய நட்பின் அளவை ரஷ்ய-சீன உறவே பெரும்பாலும் நிர்ணயித்திருக்கிறது. எஸ்-400 ஏவுகணை அமைப்பை ரஷ்யா முதலில் சீனாவுக்கும் பின்னர் நமக்கும் விற்றது. 2020இல் கல்வானில் நம் வீரர்கள் 20 பேர் மாண்டபோது, இரு தரப்புக்கும் ஆயுதம் விற்ற நாடு ஒன்றே. ரஷ்யா சீனாவைச் சார்ந்திருக்கும் அளவு கூடக்கூட, இமயத்தில் நமக்காக அது பேசும் குரல் மெலியும் என்பதை உணர்ச்சிவயப்படாமல் ஏற்றுக்கொள்வதே நன்று.

பாதியாக்கப்பட்ட தீவு

அந்த எல்லை என்னவாயிற்று? 1991இல் கிழக்கு எல்லை உடன்படிக்கை கையெழுத்தானது. ஜென்பாவோ சீனாவுக்குச் சென்றது. 2004இல் எஞ்சிய சிக்கலும் தீர்ந்தது. 2008 அக்டோபர் 14 அன்று, ஆமூரும் உஸ்ஸூரியும் கூடுமிடத்துத் தீவு ஒன்று முழுதாகவும் மற்றொன்று பாதியாகவும் சீனாவிடம் ஒப்படைக்கப்பட்டன. பரப்பு 170 சதுர கிலோமீட்டர் சொச்சம். 10 லட்சம் சதுர கிலோமீட்டர் குறித்த மனக்குறையை வைத்திருந்த நாடு அதைப் பெற்றுக்கொண்டு கையெழுத்திட்டது. ஒரு பிடி மண்ணும் தரமாட்டோம் என்ற நாடு அதைத் தந்தது. 4,200 கிலோமீட்டர் எல்லை, ஒரு குண்டும் வெடிக்காமல் தீர்ந்தது. இருவருக்கும் ஒருவர் மற்றவரின் தேவை இருந்ததே காரணம்.

நம் காலத்தின் பெரும் வேதனை இங்கேதான் இருக்கிறது. தீவைப் பாதியாக்கிச் சமாதானம் செய்யலாம் என அறிந்த அதே ரஷ்யா, உக்ரைனிடம் அவ்வாறு பேசவில்லை. பெருந்தன்மையோடு கணக்கை முடித்த அதே சீனா, இமயத்திலும் தென்சீனக் கடலிலும் அம்மனத்தைக் காட்டவில்லை. சமமானவரோடு பேச்சு, எளியவரிடம் படை என்பதே பேரரசுகளின் பழைய வழக்கம். நெர்ச்சின்ஸ்கில் லத்தீனில் எழுதிய காலத்திலிருந்து அது மாறவில்லை. சிறிய நாடுகள் தம்மைக் காத்துக்கொள்ள, இந்த வழக்கத்தை மாற்றும் சட்டங்களையும் அமைப்புகளையும் நம்பியிருக்கின்றன. அவை பலமிழக்கும்போது முதலில் மூழ்குவோர் அவர்களே.

2022 ஜூனில் பிளகவேஷ்சென்ஸ்க் நகருக்கும் எதிர்க்கரையிலுள்ள ஹெய்ஹே நகருக்கும் இடையே முதல் சாலைப் பாலம் திறக்கப்பட்டது. மறு ஆண்டு சீன அரசு வகுத்த விதிகளின்படி, அந்நாட்டு வரைபடங்களில் விளாதிவஸ்தோக்கின் பக்கத்தில் ஹைஷென்வாய் என்ற பழைய பெயரையும் எழுத வேண்டும். பாலத்தின் மேல் சரக்குந்துகள் ஓடுகின்றன. வரைபடத்தில் அடைப்புக்குறிக்குள் ஒரு பெயர் காத்திருக்கிறது.